மெஷினரிக்கு இரண்டு பொருள்

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அலுவலகம் அதில் தவறானதைத்தான் எடுத்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் அலுவலகங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இரண்டு பொருளையும் எடுத்து, இரண்டையும் உருப்படாமல் அடிக்கும் திறமை அலுவலகத்துக்கு உண்டு. நான் சொல்லப்போகும் மருத்துவமனை அந்த வேலையை ஒன்றரை ஆண்டில் செய்து முடித்தது. அதற்காகப் பாராட்டுப் பத்திரமும் வாங்கிக்கொண்டது.

எல்லாம் தலைமையகத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கையில் தொடங்கியது. ஆங்கிலத்தில் ஒரே பக்கம். எல்லா நிறுவனங்களும் மூன்று மாதத்துக்குள் குறைகளைத் தீர்க்கத் தகுந்த 'மெஷினரி' ஒன்றை நிறுவ வேண்டும், அது எந்நேரமும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். மீதி இடத்தைக் கையெழுத்து அடைத்துக்கொண்டிருந்தது.

இயக்குநர் கூட்டம் போட்டார். கூட்டத்தில் மூன்று பேர். இயக்குநர், ஸ்டோர் கீப்பர், மொழிபெயர்ப்புப் பிரிவின் தலைவர். மூன்றாமவரை எல்லோரும் 'அகராதி' என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம், அவர் படித்தவர் என்பதல்ல. மருத்துவமனையில் இருந்த ஒரே ஆங்கில அகராதி பூட்டிய அலமாரியில் இருந்தது. அந்தச் சாவி இவருடைய இடுப்பில் இருந்தது.

அகராதி அகராதியைத் திறந்தார். "மெஷினரி. ரெண்டு அர்த்தம் போட்டிருக்கு சார். ஒண்ணு, இயந்திரங்கள். ரெண்டு, ஒரு காரியம் நடக்கறதுக்கான ஏற்பாடு."

"நமக்கு எது?" என்றார் இயக்குநர்.

"சார், அகராதியில வரிசைன்னு ஒண்ணு இருக்கு. முதல்ல நிக்கறது சீனியர். ரெண்டாவது ஜூனியர். சீனியர் இருக்கும்போது ஜூனியருக்குப் பொறுப்பு குடுத்தா நாளைக்குக் கேள்வி வரும்."

இயக்குநருக்கு இது சட்டென்று புரிந்தது. அவரே முப்பது வருடம் ஒன்றும் செய்யாமல் காத்திருந்து, தனக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர். ஜூனியர்கள் முந்துவது அவருக்குப் பிடிக்காது. "முதல் அர்த்தமே இருக்கட்டும்" என்றார்.

ஸ்டோர் கீப்பர் தொண்டையைச் செருமினார். "என்ன மெஷின் சார் வாங்கறது?"

"குறை தீர்க்கற மெஷின்."

"எத்தனை எச்.பி. சார்?"

இயக்குநர் யோசித்தார். "நம்மகிட்ட எவ்வளவு குறை இருக்கும்?"

"நிறைய இருக்கும் சார்."

"அப்போ அஞ்சு எச்.பி. போடுங்க."

மெஷின் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டவர் மூன்று முறை ஃபோன் செய்தார். இது எதை அரைக்க வேண்டும், எதைப் பிழிய வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று கேட்டார். கேட்டதைக் கொடுங்கள், கேள்வி வேண்டாம் என்று ஸ்டோர் கீப்பர் சொல்லிவிட்டார். அவரும் பாவம், தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து அனுப்பினார். பச்சை வண்ணம் பூசிய இரும்புப் பீடம். அதன்மேல் ஒரு மோட்டார். ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு சக்கரம். மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட். பெல்ட்டில் யாரும் கையை விட்டுவிடாதபடி மஞ்சள் நிறத்தில் கெட்டியான கம்பி வலை, ஆறு போல்ட்டில் மாட்டியது. அந்த மெஷினில் பிரயோசனமான பாகம் என்று ஒன்று இருந்தால் அது அந்த வலைதான்.

மெஷினை வைக்க, நோயாளிகளின் உறவினர்கள் காத்திருக்கும் அறையைக் காலி செய்தார்கள். உறவினர்கள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார்கள். மாட்டும் வேலைக்கு மெக்கானிக் வந்தார்.

அந்த மருத்துவமனைக்கு அவர் ஒருவர்தான் மெக்கானிக். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், சலவைக்கூடம் எல்லாம் அவர் பொறுப்பு. எந்த மெஷினைப் பார்த்தாலும் அது என்ன வேலை செய்யும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இதைச் சுற்றிச் சுற்றி வந்து அரை மணி நேரம் பார்த்தார். பிறகு இயக்குநரிடம் கேட்டார்.

"சார், இது என்ன செய்யும்?"

"சுத்தும்."

"சரி சார். சுத்தி?"

"குறை தீரும்" என்றார் இயக்குநர்.

மெக்கானிக் மறுபடியும் மெஷினைப் பார்த்தார். தான் படித்தது போதாது என்று அவருக்குத் தோன்றியது. நல்ல மனிதர்களுக்கு எப்போதும் தங்கள் மேல்தான் முதல் சந்தேகம் வரும். அலுவலகங்கள் பிழைப்பது அதனால்தான்.

ஆனால் குறை தீரும் என்று கேட்டதும் அவர் மனம் வேறு இடத்துக்குப் போனது. அவரிடம் ஒரு குறை இருந்தது. இரண்டு ஆண்டுகளாக இருந்தது.

மருத்துவமனையின் தரைக்குக் கீழே சலவைக்கூடம். அங்கே துவைத்த படுக்கை விரிப்புகளைப் பிழியும் மெஷினில் நின்றவள் மெக்கானிக்கின் மனைவி. ஈரத் துணியைத் தொட்டியிலிருந்து இழுக்கும்போது வலது கை போகிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி பெல்ட் ஓடும். அதன் மேல் ஒரு வலை இருந்தது. அது துருப்பிடித்து உடைந்ததும் பழைய இரும்போடு கொண்டுபோய்விட்டார்கள். புதிது வரவில்லை. அவளுக்கு முன்னால் அதே மெஷினில் நின்றவர் இப்போது வாசலில் டோக்கன் கொடுக்கிறார். அவரை எல்லோரும் 'ஒன்பதுவிரல் அக்கா' என்கிறார்கள். அது கேலிப் பெயரில்லை, எண்ணிக்கை.

போன மாதம் பெல்ட் மனைவியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. தையல் பலவீனமாக இருந்ததால் தோள் வரை கிழிந்து துணி போனது, கை தப்பியது. அன்று வீட்டுக்கு வந்த மெக்கானிக் சாப்பிடவில்லை. மறுநாள் உடைந்த கட்டில் ஒன்றின் கம்பியை வெட்டித் தானே ஒரு வலை செய்து மாட்டினார். மூன்றாம் நாள் ஸ்டோர் கீப்பர் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போனார். கட்டில் கம்பி கட்டில் பிரிவுக்குச் சொந்தம், சலவைப் பிரிவில் இருக்கக் கூடாதாம். வெளியிலிருந்து வாங்கி மாட்டிய தகரத்தையும் எடுத்துவிட்டார். பதிவேட்டில் இல்லாத பொருள் மருத்துவமனைக்குள் இருக்கக் கூடாதாம். முறைப்படி குறையைச் சொன்னால் முறைப்படி வலை வரும் என்றார்.

இப்போது முறை வந்துவிட்டது. மெக்கானிக் படிவத்தை வாங்கி அழகான கையெழுத்தில் எழுதினார். 'பிழியும் மெஷினுக்கு வலை இல்லை. வேலை செய்பவரின் கைக்கு ஆபத்து. வலை வேண்டும்.'

இதற்குள் தலைமையகத்திலிருந்து இரண்டாவது சுற்றறிக்கை வந்திருந்தது. புகார் வந்த ஏழு நாளுக்குள் மெஷினரியை முடுக்கிவிட வேண்டும் என்று அதில் இருந்தது. அகராதிக்கு அதில் சந்தேகமே எழவில்லை. மெக்கானிக்கையே மெஷினுக்கு ஆபரேட்டராக நியமித்தார்கள். ஆகவே, தன் புகாருக்குத் தானே சுவிட்ச் போடும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது.

மெஷினைச் சுற்றிக் கயிறு கட்டி 'அருகில் செல்லாதீர்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். சக்கரத்துக்கு எதிரே ஒரு ஸ்டாண்டு. அகராதி புகாரை அதில் கிளிப் போட்டு மாட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். மெக்கானிக் சுவிட்சைப் போட்டார். சக்கரம் சுற்றியது. காற்றில் புகார் படபடவென்று அடித்தது.

"பாத்துக்கிட்டே இருங்க. உங்க குறைதான்" என்றார் அகராதி.

மெக்கானிக் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் ஆனது. அணைத்தார்.

"தீர்ந்துடுச்சா சார்?"

"முடுக்கிவிட்டாச்சு."

"வலை சார்?"

"நம்ம வேலை முடுக்கிவிடறது. தீர்றது அதோட வேலை." அகராதி புகாரின் மேல் முத்திரை குத்தினார். 'மெஷினரி முடுக்கிவிடப்பட்டது. புகார் முடிக்கப்பட்டது.'

அந்தக் காகிதத்தை அன்று மாலை மனைவி இரண்டு முறை படித்தாள்.

"சுத்துச்சா?"

"சுத்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"நான் நிக்கற மெஷின் எட்டு மணி நேரம் சுத்துதுங்க. அந்தக் கணக்குல பாத்தா ஒரு நாளைக்கு நாப்பத்தெட்டு குறை தீர்ந்திருக்கணுமே." காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். "ஆமா, அந்த மெஷினுக்கு வலை இருக்கா?"

மெக்கானிக் சங்கடப்பட்டார். "இருக்கு. மஞ்சள் கலர்ல. நல்ல கம்பி."

"அதுல யாரு கைய விடறாங்க?"

"யாரும் பக்கத்துலயே போகக் கூடாதுன்னு கயிறு கட்டியிருக்காங்க."

அவள் சிரித்தாள். அது சந்தோஷச் சிரிப்பில்லை.

மெக்கானிக் விடவில்லை. இரண்டாவது புகாரில் 'மிக அவசரம்' என்று எழுதினார். அரை மணி நேரம் சுற்றினார்கள். மூன்றாவது தடவை, முந்தைய முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்டார். அகராதி இரண்டு நாள் யோசித்தார். மறுபரிசீலனை என்றால் திருப்பிப் பார்ப்பது, ஆகவே சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். மெக்கானிக் தன் கையாலேயே இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்து, தன் குறை இடமிருந்து வலமாகத் தீராதது போலவே வலமிருந்து இடமாகவும் தீராமல் போவதை நின்று பார்த்தார்.

சுற்றறிக்கைகள் நிற்கவில்லை. எழுதியவருக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. மெஷினரி எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று ஒன்று வந்தது. வாசலில் சாய்தளம் கட்டினார்கள். அதன்மேல் ஏறி வந்தால் கயிறு தடுக்கும். ஒளிவுமறைவு கூடாது என்று வந்தது. சுவரை இடித்துக் கண்ணாடி போட்டார்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நடுநிலையோடு இருக்க வேண்டும் என்று வந்தது. அன்றிலிருந்து வாரா வாரம் மெக்கானிக் ரசமட்டம் வைத்து மெஷினின் நடுநிலையைச் சோதித்து, குமிழி நடுவில் நிற்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு முறை குமிழி ஒரு நூல் அளவு விலகியிருந்தது. அந்த வாரம் தீர்த்த புகார்களையெல்லாம் செல்லாது என்று அறிவித்து, பீடத்துக்கு அடியில் அட்டை செருகி மறுபடியும் சுற்றினார்கள்.

மின்சாரம் போனாலும் மெஷினரி தடைபடக் கூடாது என்று வந்தபோதுதான் விஷயம் முற்றியது. ஜெனரேட்டரிலிருந்து லிஃப்ட்டுக்குப் போன ஒயரைப் பிரித்து மெஷினுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். மெக்கானிக் கையைப் பிசைந்தார், கொடுத்தார். மறுநாளே மின்சாரம் போனது. காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் நான்கு மாடி இறங்கி வந்து, லிஃப்ட் ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்தார். லிஃப்ட்டின் மின்சாரத்தில் சக்கரம் பத்து நிமிடம் சுற்றி அந்தப் புகாரைத் தீர்த்தது. பெரியவர் முத்திரை குத்திய காகிதத்தோடு நான்கு மாடி ஏறினார்.

மெஷினரிக்கு ஓர் ஆண்டு நிறைந்தபோது விழா எடுத்தார்கள். சக்கரத்துக்கு மாலை போட முடியவில்லை, வலை தடுத்தது. அதனால் மோட்டாருக்குப் போட்டார்கள். இயக்குநர் பேசினார்.

"முன்னெல்லாம் ஒரு குறை வந்தா அதை நாங்க படிக்க வேண்டியிருந்தது. படிச்சா யோசிக்க வேண்டியிருந்தது. யோசிச்சா மனசு கஷ்டப்படும். ரெண்டு நாள் தூக்கம் வராது. இந்த ஒரு வருஷத்துல ஆயிரத்து நானூத்திப் பன்னிரண்டு புகார் வந்திருக்கு. அத்தனையும் தீர்ந்தாச்சு. அதுல ஒண்ணைக்கூட நான் படிக்கலைன்னு பெருமையோட சொல்லிக்கறேன். மனுஷன் தலையிட்டா பாரபட்சம் வரும். மெஷின் அப்படி இல்ல. அதுக்கு யாரு புகார் குடுத்தாலும் ஒண்ணுதான்."

கைதட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினார். தட்டும்போது தன் பத்து விரலையும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டார்.

விழா முடிந்த ஒன்பதாம் நாள் பெல்ட் மறுபடியும் கடித்தது. இந்தத் தடவை அவள் கையில் சுற்றியிருந்த துண்டைப் பிடித்தது. கையை உருவிக்கொண்டாள், ஆனால் மோதிர விரலின் நகம் துண்டோடு போய்விட்டது. மருத்துவமனையிலேயே கட்டுப் போட்டார்கள். மெக்கானிக் அந்தக் கட்டைப் பார்த்தார். அதன் பிறகு அவர் படிவம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே போனார். கயிற்றைத் தாண்டினார். ஆறு போல்ட்டையும் கழற்றினார். மஞ்சள் வலையைச் சாக்கில் சுற்றிக் கீழே கொண்டுவந்தார். பிழியும் மெஷினில் புதிதாக இரண்டு துளை போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

மனைவி விரலால் வலையைத் தட்டிப் பார்த்தாள். "கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஆயிரத்து நானூறு புகார்ல ஒண்ணாவது நிஜமாத் தீரட்டும்னு சொல்லுவேன்."

"சொல்ல மாட்டீங்க. சார் சார்னு நிப்பீங்க."

"நிப்பேன்தான்" என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் அதற்கடுத்த பதினைந்து நாள் அவள் கையைப் பார்க்காமல் வேலை செய்தாள். பக்கத்தில் நிற்பவளோடு பேசிக்கொண்டே வேலை செய்தாள். மேலே சக்கரம் வலை இல்லாமல் சுற்றியது. ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த மெஷினை யாரும் பார்ப்பதில்லை, முத்திரையைத்தான் பார்த்தார்கள்.

பதினாறாம் நாள் தலைமையகத்திலிருந்து அதிகாரி வந்தார். சுற்றறிக்கைகளை எழுதியவர் அவர்தான். இயக்குநர் அவரைச் சாய்தளம் வழியாக அழைத்துவந்து, கண்ணாடி வழியாகக் காட்டி, உள்ளே கூட்டிப்போனார். அதிகாரி மெஷினைப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னங்க இது? பெல்ட் இப்படித் தொறந்து கிடக்கு? யாராவது கைய விட்டா என்ன ஆகறது? ஒரு உயிர்னா உங்களுக்கு விளையாட்டா?"

ஓரமாக நின்றிருந்த மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வார்த்தைகளைக் கேட்கத்தான் அவர் இத்தனை நாளாகப் படிவம் படிவமாக எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவர் சொல்லிவிட்டார், யாரும் தொடாத ஒரு மெஷினைப் பார்த்து.

"அது சரி, இது என்ன மெஷின்?" என்றார் அதிகாரி.

"நீங்க கேட்ட மெஷினரி சார்" என்றார் இயக்குநர்.

அதிகாரிக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. "நான் சொன்னது ஏற்பாடுங்க. ஒரு குழு, நாலு பேரு, உக்காந்து கேக்கறது. மெஷினரின்னா அதுதானே?"

"அது ரெண்டாவது அர்த்தம் சார்" என்றார் அகராதி, மெதுவாக.

"ஆமா, ரெண்டாவதுதான்."

"அதை எழுத்துல குடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும் சார். முதலாவதுக்குப் பதவி இறக்கம் ஆகுது."

எழுத்தில் வந்தது. முதல் பொருள் ரத்தானது, இரண்டாம் பொருள் அமலுக்கு வந்தது. பச்சை மெஷின் பயனற்றது என்று அறிவித்துக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். பயனற்ற பொருளை முழுமையாக ஒப்படைக்க வேண்டும், ஒரு பாகம் குறைந்தாலும் பயனற்றதாக ஏற்க மாட்டார்கள். ஸ்டோர் கீப்பர் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார். பீடம் ஒன்று, மோட்டார் ஒன்று, சக்கரம் ஒன்று, பெல்ட் ஒன்று. மஞ்சள் வலை இல்லை.

மருத்துவமனையில் காணாமல் போன பொருள் ஒன்றை ஒரே மணி நேரத்தில் கண்டுபிடித்தது அதுவே முதல் தடவை. மெக்கானிக்குக் குறிப்பாணை கொடுத்தார்கள். அவர் "சார், சார்" என்று நின்றார். மனைவி சொன்னது சரிதான். வலையைக் கழற்றி, பச்சை மெஷினிலேயே மறுபடியும் மாட்டி, கிடங்கில் வைத்து, சுற்றிக் கயிறு கட்டி, பூட்டி, சீல் வைத்தார்கள். கிடங்கில் எலிகளின் கைக்கு எந்த ஆபத்தும் வராது. கீழே பிழியும் மெஷினில் இரண்டு துளை மட்டும் மிஞ்சியது.

காலியான அறையில் பெரிய மேசையும் ஒன்பது நாற்காலியும் வந்தன. நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. இரண்டாம் பொருள் உட்கார்ந்தது. இயக்குநர் தலைவர், அகராதி செயலாளர், ஸ்டோர் கீப்பர் உறுப்பினர். மீதி ஆறு பேர் எதற்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை. முதல் அமர்வில் முதல் புகார், பிழியும் மெஷினுக்கு வலை இல்லை என்பது. இந்தத் தடவை கையெழுத்து போட்டிருந்தவள் மனைவி. அவளைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக் பின்னால் வந்து கதவோரம் நின்றார்.

"உக்காருங்கம்மா" என்றார் இயக்குநர். உட்கார நாற்காலி இல்லை. அகராதி எழுந்து வாசித்தார்.

"தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. சலவைப் பிரிவிடம் அறிக்கை கேட்கப்பட்டுள்ளது. அறிக்கை கிடைத்ததும் அனைத்துப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பப்படும். அதன் பேரில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

அவள் முன்னால் வந்தாள். வலது கையை மேசையின் மேல், அந்தக் காகிதங்களுக்கு நடுவே, விரித்து வைத்தாள். மோதிர விரலில் இன்னும் கட்டு இருந்தது.

"கோரிக்கை சொன்னீங்க, அறிக்கை சொன்னீங்க, சுற்றறிக்கை சொன்னீங்க, நடவடிக்கை சொன்னீங்க. அத்தனையிலயும் கை இருக்கு சார். இந்தக் கைக்கு என்ன சொல்றீங்க?"

ஸ்டோர் கீப்பர் தன் பேனாவைப் பார்த்தார். பெயர் தெரியாத ஆறு பேரும் தண்ணீர் குடித்தார்கள். இயக்குநர் நெற்றியைச் சுருக்கினார். அவர் கெட்டவரில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கைன்னு எந்த அர்த்தத்துலம்மா சொல்றீங்க?"

அகராதியின் கை தன்னையறியாமல் இடுப்புச் சாவிக்குப் போனது.

"முதல் அர்த்தத்துல சார். சீனியர் அர்த்தத்துல" என்றாள் அவள். கையை எடுத்துக்கொண்டு, விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். பிழியும் மெஷினின் சுவிட்சை அணைத்தாள். முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வேறு ஆளை நிறுத்தப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை, ஏனென்றால் ஒன்பதுவிரல் அக்கா டோக்கன் கட்டை வாசலில் வைத்துவிட்டு இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடம் ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் ஆட்டிக் காட்டினார்.

"இதெல்லாம் தேவையா? வேலை போயிடும்" என்றார் மெக்கானிக்.

"வேலை போனா வேற தேடலாம். விரல் போனா எங்கங்க தேடறது?"

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு 'சார்' என்ற சொல் மறந்துபோனது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

முதல் நாள் இருப்பில் இருந்த விரிப்புகளை வைத்துச் சமாளித்தார்கள். இரண்டாம் நாள் நோயாளிகள் அழுக்கு விரிப்பில் படுத்தார்கள். அதைக் குழு கவனத்தில் எடுத்துக்கொண்டது, அதாவது ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழுவின் ஒன்பது நாற்காலிகளுக்கும் மாற்றத் துவைத்த வெள்ளை உறை இல்லை. பழைய உறை காபிக் கறையோடு இருந்தது. இயக்குநர் உட்காரப் போனவர் நின்றுவிட்டார்.

அடுத்த முக்கால் மணி நேரத்தில் கிடங்கின் சீல் உடைந்தது. மஞ்சள் வலையை ஸ்டோர் கீப்பரே தோளில் சுமந்து படியிறங்கினார். கோரிக்கை இல்லை, அறிக்கை இல்லை, எந்தச் சொல்லும் இல்லை. மெக்கானிக் இரண்டு துளையில் இரண்டு போல்ட்டை முடுக்கினார். மீதி நாலுக்கும் துளை போட்டு அவற்றையும் முடுக்கினார். இனிமேல் யாராவது கழற்ற வந்தால் சிரமப்படட்டும் என்று போல்ட்டின் தலையைத் தட்டி நசுக்கியும் விட்டார்.

அந்த வருட அறிக்கையில் இயக்குநர் எழுதினார்: 'இரண்டாம் பொருளில் அமைந்த மெஷினரி தன் முன் வந்த புகாரை, முதல் பொருளில் அமைந்த மெஷினரியின் பாகத்தைக் கொண்டே தீர்த்து வைத்தது. இரு பொருள்களும் இவ்வளவு ஒற்றுமையாகச் செயல்பட்டது இதுவே முதல் முறை.' தலைமையகம் மகிழ்ந்து பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. நான் முதலில் சொன்னேனே, அதுதான்.

அறிக்கை முழுமையடைய ஒன்று பாக்கியிருந்தது. குறை தீர்ந்தது என்று புகார் கொடுத்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டோர் கீப்பர் படிவத்தையும், எதற்கும் இருக்கட்டும் என்று மை தடவிய பெட்டியையும் எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்கு வந்தார்.

"கையெழுத்து போடும்மா. இல்லாட்டி ரேகை வெச்சாலும் சரி."

அவள் பேனாவைத் தொடவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மைப்பெட்டியைத் திறந்தாள். வலது கட்டைவிரலை அழுத்தி, காகிதத்தில் வைத்தாள். அடுத்தது ஆள்காட்டி விரல். அடுத்தது நடுவிரல்.

"ஒண்ணு போதும்மா. ஒண்ணுதான் கேட்டிருக்காங்க."

நகம் பாதி வளர்ந்த மோதிர விரலை நிதானமாக வைத்தாள். சுண்டு விரல். பிறகு இடது கை. கட்டத்தைத் தாண்டி, இயக்குநர் கையெழுத்து போட வேண்டிய இடத்தின் மேலேயே வரிசையாக ஐந்தையும் வைத்தாள். காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

"பத்து இருக்கு. எண்ணி வாங்கிக்கோங்க."